வேலியோர நான்கு வரிசை

யார்மீதாவது பழி தீர்க்கவேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்த ஒரு வருடத்தில் என் சட்டைகள் எல்லாம் தோளில் தொங்கத் தொடங்கின. ஞாயிறு பூசைக்குப் போனால் கோயிலில் பெண்கள் சீனி வருத்தமா, இரத்தம் சோதித்தாயா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பழிவாங்குகிற வேலையில் இருக்கிறேன், சாப்பிட நேரமில்லை என்று சொல்லவா முடியும்?

நான் கோபக்காரி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இதை எழுதுகிறபோதும் அந்தக் கோபம் அடங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். அது பிடித்துக்கொண்டிருக்கிற ஆள்தான் மாறியிருக்கிறது.

எங்கள் காணி கற்பிட்டிப் பாதையில், கடலுக்கும் களப்பு என்கிற உப்பங்கழிக்கும் நடுவே கிடக்கிற மணல். எனக்குச் சீதனமாக வந்த இரண்டு ஏக்கர். என் கணவர் கடலுக்குப் போகிறவர், அதனால் காணி முழுக்க என் பொறுப்பு. பல வருடம் வெங்காயமும் மிளகாயும் போட்டேன். மணலில் போடுகிற உரம் செடியில் தங்காது, நேரே கிணற்றுக்குத்தான் போகும். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கவேண்டாம் என்று ஊருக்கு வந்த தாதி ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் போகத்தோடு மிளகாயைப் பிடுங்கி எறிந்தேன்.

முற்றத்தில் ஐந்து திராட்சைக் கொடி நின்றது. நாங்கள் முந்திரிகை என்று சொல்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து யாரோ கொண்டுவந்த தண்டு. பழம் சின்னது, கறுப்பு, தோல் தடிப்பு, உள்ளே விதை. சாப்பிடுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். நீர்கொழும்புப் பக்கம் முறைப்படி அனுமதிப்பத்திரம் எடுத்துச் சிறிய அளவில் வைன் செய்கிற ஒருவர் எங்கள் கோயில் திருநாளுக்கு வந்திருந்தபோது, அதில் ஒன்றைப் பிடுங்கி வாயில் போட்டார். உடனே விழுங்கவில்லை. தோலை மெல்லச் சப்பினார், விதையைக் கடித்துப் பார்த்தார்.

"அக்கா, இது சாப்பிடுற முந்திரிகை இல்ல. வைனுக்கெண்டே பிறந்தது" என்றார்.

உரமும் மருந்தும் இல்லாமல் வளர்த்து, அதற்குரிய சான்றிதழையும் எடுத்தால், காணியில் காய்ப்பதை எல்லாம் தானே எடுப்பதாகச் சொன்னார். அவரிடம் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் போத்தலின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைத்தான் கவனமாக வாசிப்பார்களாம். சான்றிதழ் என்றால் சும்மா கிடைப்பதில்லை. மூன்று வருடம் காணிக்குள் ஒரு துளி இரசாயனம் வரக்கூடாது. வருடத்துக்கு ஒரு முறை கொழும்பிலிருந்து பரிசோதகர் வந்து இலையையும் மண்ணையும் பையில் போட்டுக்கொண்டு போவார். எதுவும் அகப்பட்டால் எண்ணிய வருடங்கள் அழிந்து மறுபடி முதலாம் நாள். அந்த ஐந்து கொடியிலிருந்தும் தண்டு வெட்டி இரண்டு ஏக்கரிலும் வரிசை வரிசையாக நட்டேன். எனக்கு அந்த மூன்று வருடம்தான் எல்லாம். திருநாள்களைக்கூட அதை வைத்துத்தான் கணக்குப் பார்த்தேன்.

வைனுக்கு வளர்ப்பது என்பது நாங்கள் இதுவரை பழகிய விவசாயத்துக்கு நேர் எதிர். தண்ணீரைக் குறைக்கவேண்டும், கொடி கொஞ்சம் தவிக்கவேண்டும், அப்போதுதான் பழத்தில் சாறு செறியும். குலை பச்சையாக இருக்கும்போதே பாதியை வெட்டிக் கீழே போடவேண்டும். பிடித்த குலையைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறவளைப் பார்த்து ஊர் தலையில் அடித்துக்கொண்டது. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் கரையில் ஒதுங்குகிற சாதாளை என்ற கடற்புல்லை அள்ளிவந்து, மழையில் உப்புக் கழுவவிட்டு, கொடியடியில் போட்டேன். மீன் குடலும் சர்க்கரையும் போட்டு நீலப் பீப்பாவில் நாற்பது நாள் ஊறவைத்த கரைசலைத் தண்ணீர் கலந்து ஊற்றினேன். அந்தப் பீப்பாவைத் திறந்தால் நாய்கூட எழும்பிப் போகும். சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள், பூச்சிக்கு வேப்பங்கொட்டை. மைனாவும் வௌவாலும் வராமல் இருக்க என் கணவருடைய கிழிந்த வலைகளைப் பந்தல்மேல் விரித்தேன். எல்லாவற்றையும் சமாளித்தாலும் கழுதைகளைத்தான் சமாளிக்க முடியாது. இந்தப் பக்கத்துத் தெருக் கழுதைகளுக்கு வேலி என்றால் என்னவென்று தெரியாது.

வரிசைகளுக்கு நடுவே புல்லை நான் வெட்டவில்லை. புல் இருந்தால் மணல் சுடாது, ஈரம் நிற்கும், மழை மண்ணைக் கொண்டுபோகாது. முழங்கால் உயரத்துக்கு வளரவிட்டு மடித்துப்போடுவேன். தூரத்திலிருந்து பார்த்தால் கவனிப்பாரற்ற காணி மாதிரித்தான் தெரியும். அது எனக்குப் பெருமையாக இருந்தது.

மேற்கு வேலிக்கு அடுத்த காணிக்காரர் எங்களுக்கு இரத்த உறவு இல்லை. ஆனால் என் மகளுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தொட்டியில் அவளைக் கையில் ஏந்தியவர். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் மனைவியை மச்சாள் என்பேன், என் கணவருக்கு அவர் மச்சான், மகளுக்கு மாமா. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய முதல் நன்மை நாளுக்கு வெள்ளைச் சப்பாத்து இங்கே கிடைக்கவில்லை என்று சிலாபம் வரைக்கும் போய் வாங்கிவந்தவர் அவர்தான். அளவு சின்னதாகப் போக, மறுநாளும் போய் மாற்றிவந்தார்.

அவருக்கும் ஒரு கோபம் இருந்தது. அரசாங்கம் திடீரென்று இரசாயன உரத்தை நிறுத்திய வருடம் அவருடைய வெங்காயம் பூண்டளவுக்குச் சுருங்கிப்போனது. சேதனப் பசளை, அதாவது இயற்கை உரம், என்ற சொல்லைக் கேட்டாலே முகம் மாறும். "தங்கச்சி, உங்கட சேதனத்தால நான் திண்ட மண் போதும்" என்று வேலிக்கு மேலால் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். பிறகு அந்தச் சிரிப்பை நான் வேறு மாதிரி நினைத்துப் பார்த்தேன்.

மூன்றாம் வருடம் வைகாசியில் என் தங்கைக்கு சிலாபத்தில் வயிற்றில் சத்திரசிகிச்சை. பத்து நாள் அவளோடு நின்றேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினால் போதும், வேறு எதையும் தொடவேண்டாம் என்று என் கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். பரிசோதகர் கடைசித் தடவையாக வர இரண்டு கிழமை இருந்தது.

திரும்பி வந்த அன்று பாலாவிச் சந்தியில் பஸ் மாறி, வீட்டு வாசலில் பையைக்கூட வைக்காமல் நேரே கொடிகளைப் பார்க்கப் போனேன். மேற்கு வேலியோரம் நான்கு வரிசையிலும் இளந்தளிர்கள் விரியவில்லை. இலைகள் ஒடுங்கி, வெளிறி, விரலுக்குள் வைத்து நசுக்கினதுபோல் இருந்தன. வேலியை ஒட்டி, இரு கையும் விரித்த ஒரு பாகம் அகலத்துக்குப் புல் வைக்கோல் நிறத்தில் எரிந்து கிடந்தது. மற்ற வரிசைகள் பச்சையாக நின்றன. அப்போது கச்சான் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது, கடல் பக்கமிருந்து அவர் காணிக்கு மேலால் என் காணிக்கு. எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

காற்று நேர்கோட்டில் அடிப்பதில்லை. அந்தக் கருகிய புல் கயிறு பிடித்ததுபோல் நேராக இருந்தது. கோபம் இல்லாத ஒருத்திக்கு அது அன்றைக்கே உறைத்திருக்கும். எனக்கு உறைக்கவில்லை.

வேலியடியில் நின்று கத்தினேன். அவர் வெங்காயப் பாத்தியிலிருந்து எழும்பி, கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்தார். என் கணவர் சத்தம் கேட்டு வந்து எனக்குப் பின்னால் நின்றார்.

"மூண்டு வருசம் அண்ணன்! இன்னும் ரெண்டு கிழமைதான் இருந்திச்சு. காத்து எந்தப் பக்கம் எண்டு உங்களுக்குத் தெரியாதா?"

"நான் அடிக்கல்ல தங்கச்சி."

"அப்ப ஆர் அடிச்ச? கடலா?"

அவர் என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். என் கண்ணைப் பார்க்கப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அதே சொல்லை இன்னொரு முறை, இன்னும் மெதுவாகச் சொன்னார்: "நான் அடிக்கல்ல." அவ்வளவுதான். திரும்பிப் போய்க் குனிந்து களை பிடுங்கத் தொடங்கினார். செய்யாதவன் சண்டை பிடிப்பான், செய்தவன்தான் குனிவான் என்று நான் முடிவு கட்டினேன்.

பரிசோதகர் வந்தார், இலைகளைக் கொண்டுபோனார். முடிவு வந்தபோது நான் சொன்னதுதான் அதிலும் இருந்தது, களைநாசினி. அவர் பண்பான மனிதர். சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். அயல் காணியிலிருந்து காற்றில் வந்தது என்றால் நான்கு வரிசை மட்டும் முதலாம் நாளுக்குப் போகும், மிச்சக் காணிக்கு ஒரு வருடம் கண்காணித்துவிட்டுச் சான்றிதழ் தருவார்கள். காணிக்காரரே அடித்திருந்தால் முழுக்காணியும் முதலாம் நாளுக்குப் போகும். காரணத்தை எழுதச் சொல்லி ஒரு படிவம் நீட்டினார். அயல் காணிக்காரர் அடித்தார் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். சாட்சியின் இடத்தில் என் கணவர் கையெழுத்து வைத்தார். பேனையை இரண்டு தடவை உதறினார். மை வரவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து நான் வேறு விவசாயம் தொடங்கினேன்.

முதலில் அவர்களோடு கதைப்பதை நிறுத்தினேன். பிறகு கோயில் முற்றத்தில் ஒவ்வொரு பெண்ணிடமும் தனித்தனியாகச் சொன்னேன். கூட்டமாகச் சொன்னால் ஒருத்தி மறுத்துப் பேசுவாள். தனியாகச் சொன்னால் ஒவ்வொருத்தியும் தன்னிடம் மட்டும் சொன்னதாக நினைத்து வேகமாகப் பரப்புவாள். ஐப்பசி கழிந்து, எங்கள் காணியிலிருந்து அவர்கள் பக்கம் வாடைக்காற்றுத் திரும்பியதும் நீலப் பீப்பாக்களை அவர்கள் சமைக்கிற குசினிக்கு நேரே நகர்த்திவைத்து மூடியைத் திறந்துவிட்டேன். மச்சாள் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்கும்போது நெஞ்சுக்குள் குளிர்ந்தது. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு அவர்கள் வீட்டிலிருந்து வந்த பலகாரத் தட்டை மூடிய துணிகூட விலக்காமல் திருப்பி அனுப்பினேன்.

பூசைக்குப் போவேன், நன்மை வாங்கமாட்டேன். மனதில் ஒருவர்மேல் பகை வைத்துக்கொண்டு வாங்கக்கூடாது என்று தெரியும். பகையை விடவும் மனமில்லை. எல்லோரும் எழும்பி வரிசையில் போக, நான் மட்டும் வாங்குப் பலகையில் இருப்பேன். அண்ணன் போய்விட்டுத் திரும்பும்போது என்னைக் கடந்துதான் போகவேண்டும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு போவார். அதையும் குற்றவாளியின் நடையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இதற்கெல்லாம் மேலான ஒன்று என் கையில் இருக்கிறது என்பது தை மாதத்தில்தான் தெரிந்தது. மகளுக்கு முந்தல் ஊரிலிருந்து சம்பந்தம் சரிவந்தது. சித்திரையில் கலியாணம் என்று முடிவானது.

எங்கள் ஆட்களுக்குள் மணப்பெண் வீட்டைவிட்டுக் கோயிலுக்கு வெளிக்கிட முன்னர் முழந்தாளில் இருப்பாள். பெற்றோர் அவள் நெற்றியில் சிலுவை போடுவோம். எங்களுக்கும் முதலில், எல்லோருக்கும் முதலில், ஞானத்தகப்பன் போடவேண்டும். தொட்டிலிலிருந்து பொறுப்பேற்றவர் கையால்தான் அவள் இன்னொரு வீட்டுக்குப் போகவேண்டும் என்பது முறை. அந்த ஒரு நிமிடத்துக்காக ஞானத்தகப்பன்மார் புதுச் சட்டை தைப்பார்கள். பிள்ளை இல்லாத மனிதருக்கு அந்த நிமிடம் என்னவாக இருக்கும் என்று நான் யோசித்தேன். நன்றாக யோசித்தேன். யோசித்துத்தான் செய்தேன்.

என் தம்பியைச் சிலாபத்திலிருந்து வரவழைத்து, நீ போடு சிலுவை என்றேன். அவன் தயங்கினான். "அக்கா, அந்த மனிசன் உயிரோட இருக்கக்குள்ள நான் எப்படி?" என்றான். எனக்காக அவன் எதையும் செய்வான், இதையும் ஒப்புக்கொண்டான். கலியாணக் கடிதத்தை நாங்கள் நேரே போய், தட்டில் வைத்து, இருந்து கதைத்துத்தான் கொடுப்போம். அடுத்த வளவு, நாற்பது அடி தூரம். நான் முத்திரை ஒட்டித் தபாலில் போட்டேன். இரண்டு நாள் கழித்துத் தபால்காரர் என் வீட்டைத் தாண்டிப் போய் அதைக் கொடுத்ததைக் கொடிகளுக்கு நடுவே நின்று பார்த்தேன்.

மகள் ஒரே ஒரு முறை கேட்டாள்.

"மாமாவக் கூப்பிடுங்க அம்மா."

"அவர் வந்தா நான் கோயிலுக்கு வரமாட்டன். ஆர் வேணும் எண்டு நீயே சொல்லு."

அவள் பிறகு கேட்கவில்லை. என் கணவர் அந்த நேரம் அலுமாரிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். வெகுநேரம் தேடினார்.

கலியாணத்தன்று தம்பிதான் சிலுவை போட்டான். மகளுடைய வெள்ளை முக்காடு நகர்ந்துவிடாமல் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். வாசல் படலைப் பக்கம் பார்த்தேன், யாரும் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன், அன்று காலை எனக்கு மகளுடைய கலியாணத்தைவிட அதுதான் பெரிய சந்தோஷமாக இருந்தது. கோயிலில் அவர்கள் இருவரும் கடைசி வாங்கில் இருந்தார்கள், விருந்துக்கு நிற்காமல் போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் கேக் துண்டுகள் வைத்த சின்னப் பெட்டிகளை அயல் வீடுகளுக்குக் கொடுத்தோம். அவர்களுடைய பெட்டியை நானே கொண்டுபோனேன். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்தப் படலையைத் திறந்தேன். சமாதானத்துக்குப் போகவில்லை, மச்சாளின் முகம் எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க ஆசையாக இருந்தது.

அவள் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"உள்ளுக்கு வாங்க எண்டு சொல்லமாட்டன் மச்சாள். இதிலயே நில்லுங்க. ஒரு கதை இருக்கு."

நின்றேன்.

"நீங்க சிலாபத்தில நிண்ட நேரம் உங்கட மனிசன் வந்து எங்கட மருந்தடிக்கிற டாங்கிய இரவல் கேட்டார். புல்லுக்கு அடிக்கிறதும் கொஞ்சம் தாங்க எண்டார். நான்தான் எடுத்துக் குடுத்தன். கொழும்பில இருந்து பரிசோதிக்கிற மாத்தயா வரப்போறார், வேலியோரப் பாதை முழுக்கப் புல்லாக் கிடக்கு, அவர் என்ன நினைப்பார் எண்டு சொன்னார். அடிச்சிப்போட்டுக் கழுவித்தான் கொண்டுவந்து தந்தார்."

"அப்ப ஏன் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"சொல்ல வெளிக்கிட்டன். எங்கட மனிசன் விடல்ல. அவன்ட குடும்பத்துக்குள்ள நெருப்பு வைக்காத, அவளே ஒரு நாளைக்கு அறிவாள் எண்டார். உங்கட பீப்பா நாத்தத்துக்குள்ள இருந்து சோறு திண்டுகொண்டு சொன்னார். சரி எண்டு நானும் கலியாணம் முடியும் வரைக்கும் வாயைத் திறக்கல்ல. முந்திச் சொல்லியிருந்தா நீங்க ஓடிவந்து அழுது அவரைக் கூட்டிக்கொண்டு போயிருப்பீங்க. அவரும் வந்திருப்பார். இப்ப ஒண்டும் மாத்த ஏலா. அதுக்குத்தான் இண்டைக்குச் சொல்றன்."

கதவைச் சாத்தினாள். என்னைவிடக் கெட்டிக்காரி. நான் ஒரு வருடம் எறிந்த கல்லெல்லாம் சேர்ந்தாலும் அவளுடைய அந்த ஒன்றுக்குக் காணாது. அவளில் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன்.

வீட்டுக்கு வந்தேன். என் கணவர் பின்பக்கம் படகின் இயந்திரத்தைக் கழற்றிவைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டாங்கிய ஆரிட்ட வாங்கினீங்க?" என்றேன்.

அவர் நடிக்கவில்லை. துணியைக் கீழே வைத்தார்.

"நான் மருந்து எண்டு நினைக்கல்ல. புல்லுக்குத்தானே அடிச்சன். கொடியில ஒரு துளி படாமத்தான் அடிச்சன்."

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் ஊரில் பூச்சிக்கு அடிப்பதுதான் மருந்து. புல்லுக்கு அடிப்பது முற்றம் கூட்டுகிற மாதிரி ஒரு துப்புரவு வேலை. திருநாள் வந்தாலும், செத்தவீடு வந்தாலும், பெரிய ஆட்கள் யார் வந்தாலும் முதலில் மணலை வழித்துக் கூட்டி, ஒரு புல்லும் இல்லாமல் விளக்குமாற்றுக் கோடு தெரிய வைக்கவேண்டும். இல்லாவிட்டால் மரியாதை கெட்ட வீடு. நான் மூன்று வருடம் புல்லைப் பற்றி இவருக்குச் சொன்னது எதுவும் அந்தப் பழக்கத்துக்கு முன்னால் நிற்கவில்லை. வருகிறவர் நம் மனைவியைச் சோம்பேறி என்று நினைத்துவிடக்கூடாது என்று ஆசையோடு அடித்திருக்கிறார். அதை நான் மன்னித்திருப்பேன்.

"பிறகு ஏன் வாயை மூடிக்கொண்டு நிண்டீங்க?"

"நீ வேலியடியில கத்தினதக் கண்டன். அதுக்குப் பிறகு எப்படிச் சொல்ற? நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு போயிட்டுது. மச்சானிட்டப் போய் அழுதன். அவர்தான் விடு எண்டார்."

என் கோபத்துக்குப் பயந்து ஒரு மனிதன் பொய்யனாகியிருக்கிறான். அதற்கு என்னைத்தான் குற்றம் சொல்லவேண்டும் என்று இன்னொருத்தி எழுதுவாள். நான் எழுதமாட்டேன். வேலியோரம் எனக்குப் பின்னால் நின்றார், படிவத்தில் கையெழுத்து வைத்தார், மகள் முழந்தாளில் இருந்தபோது பக்கத்தில் நின்றார். மூன்று இடத்திலும் வாய் திறக்க நேரம் இருந்தது.

அன்று பின்னேரம் அண்ணனிடம் போனேன். பிழை பொறுக்கச் சொல்லி நான் வாழ்க்கையில் அதிகம் பேரிடம் கேட்டதில்லை, எனக்கு அது சரியாக வராது. அவர் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"விடுங்க தங்கச்சி. முடிஞ்ச கதை" என்றார். "வெங்காயம் இருக்கு, கொஞ்சம் கொண்டு போங்க."

எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. என் வீட்டைக் காப்பாற்றித் தரச் சொல்லி நான் கேட்டேனா? ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு கீழே இறங்கியிருக்கமாட்டேனே. அவர் நல்ல மனிதர் என்பதைத் தாங்குவது, அவர் கெட்டவர் என்று நம்பிக்கொண்டிருந்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. வெங்காயத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பரிசோதகர் வர ஒரு மாதம் இருந்தது. கண்காணிப்பு வருடம் முடிகிறது, நான்கு வரிசையைத் தவிர மிச்சம் எல்லாவற்றுக்கும் சான்றிதழ். கொடிகள் அந்த முறை வஞ்சகமில்லாமல் காய்த்திருந்தன. பழம் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. நீர்கொழும்புக்காரர் தொலைபேசியில் நாள் கேட்டார். நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. படிவத்தில் அண்ணனுடைய பெயர் கிடந்துவிட்டுப் போகும்.

என் கணவர் கெஞ்சினார். "சொல்லாத. மூண்டு வருசமும் போயிடும். மச்சானே மன்னிச்சிட்டார், பிறகு என்ன?"

நான் பேசாமல் இருந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அந்தக் காகிதம் அவ்வளவு வேண்டும். ஆனால் அதை எடுத்தால் இவருக்கு ஒரு தண்டனையும் இல்லாமல் போய்விடும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இதை நேர்மை என்று யாராவது சொன்னால் எனக்கு வெட்கமாக இருக்கும்.

பரிசோதகர் வந்த அன்று பந்தலுக்குக் கீழே கதிரை போட்டு அவரை இருத்தினேன். இவரை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். இவருக்குச் சிங்களம் கடலில் வியாபாரிகளோடு பேசுகிற அளவுக்குத்தான் வரும். தலையைக் குனிந்து, போன வருடம் நான்தான் அடித்தேன் என்று முணுமுணுத்தார். பரிசோதகருக்கு விளங்கவில்லை.

"இன்னொருக்காச் சொல்லுங்க. சத்தமா" என்றேன்.

சொன்னார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார், பிறகு குலைகளைப் பார்த்தார். உங்களுக்கு நிச்சயமா என்று என்னிடம் கேட்டார். ஓம் என்றேன். பழைய படிவத்தைக் குறுக்காகக் கீறிவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினார். இரண்டு ஏக்கரும் முதலாம் நாள். அந்த முறைப் பழம் முழுவதும் புத்தளம் சந்தைக்குச் சாதாரணப் பழமாகப் போனது. அங்கே சாப்பிட்டுப் பார்த்தவர்கள் தோல் தடிப்பு என்று முகம் சுளித்தார்கள்.

கோயில் முற்றத்திலும் போய்ச் சொன்னேன், அதே பெண்களிடம், அதே மாதிரித் தனித்தனியாக. அவர்களுக்கு அதில் அவ்வளவு ருசி இருக்கவில்லை. ஒருத்தி, "அப்படியே? ஆனா அவரும் லேசுப்பட்ட ஆளில்லத்தானே" என்றாள். நான் அவளோடு சண்டை பிடித்தேன். இப்போது என் மனிதர் தன் சோற்றைத் தானே போட்டுச் சாப்பிடுகிறார். நான் அவரோடு கதைப்பது குழாயைத் திறக்கவும் மூடவும்தான். எவ்வளவு காலம் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

மகளுக்குத்தான் கடைசியாகச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவள் முந்தலிலிருந்து தொலைபேசி எடுக்கும்போது சொல்ல நினைத்து, கொடிகளைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிடுவேன். இரண்டாவது தடவையாக எண்ணத் தொடங்கிய முதலாம் வருடம் ஒரு நாள், தளிர் வெட்டிக்கொண்டு நின்றபோது அவள் அழைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். டாங்கி, அப்பா, மாமா, மச்சாள் சொன்ன கதை.

"அம்மா," என்றாள் பிறகு. "கலியாணத்தண்டைக்குக் கார் படலையால வெளிய வரக்குள்ள மாமா அவங்கட வேலியடியில நிண்டார். புதுச் சட்டை போட்டிருந்தார். என்னைக் கண்டதும் தூரத்தில நிண்டே கையைத் தூக்கிச் சிலுவை போட்டார். நான் தலையைக் குனிஞ்சிருக்கவேணும். நீங்க பக்கத்தில இருந்தீங்க, கண்டிடுவீங்க எண்டு பயத்தில நான் மற்றப் பக்கம் திரும்பிட்டன்."